டென்னிஸ் ராக்கெட் கைக்கு ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

"இந்த ராக்கெட் எனக்கு செட் ஆகலை, வேற வாங்கலாம்னு இருக்கேன்." ஸ்ட்ரிங் கட்டும் மெஷினோடு பல வருடம் பழகிய எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். சொல்கிறவரின் ராக்கெட்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஃபிரேமில் குறையே இருக்காது. ஸ்ட்ரிங் செத்திருக்கும், கிரிப் வழவழத்திருக்கும், அல்லது டென்ஷன் (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் இறுக்கம்) அவர் வீச்சுக்குப் பொருந்தாமல் இருக்கும். புது ராக்கெட் வாங்கினால் இந்த மூன்றும் சேர்ந்தே மாறிவிடுகின்றன. அதனால் சில வாரம் எல்லாம் சரியானதுபோல் தெரியும். பிறகு அதே புகார் திரும்பி வரும்.

ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், ஃபிரேமை மாற்றுவதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போகலாம்.

## தொடங்கும் முன் குறித்துக்கொள்ள வேண்டியவை

ஃபிரேமின் உள்பக்கத்திலோ கழுத்துப் பகுதியிலோ சின்ன எழுத்தில் சில எண்கள் இருக்கும்: தலையின் பரப்பு (சதுர அங்குலத்தில்), ஸ்ட்ரிங் அமைப்பு (16×19, 18×20 என்பதுபோல; முதல் எண் செங்குத்து ஸ்ட்ரிங், அடுத்தது குறுக்கு), டென்ஷன் வரம்பு, எடை. இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் அச்சிடுவது ஸ்ட்ரிங் இல்லாத எடை. ஸ்ட்ரிங் ஏறினால் சுமார் 15 கிராம், ஓவர்கிரிப் (கைப்பிடிக்கு மேல் போடும் மெல்லிய பட்டை) சுற்றினால் இன்னும் 5 கிராம் கூடும். 300 கிராம் என்று போட்ட ராக்கெட் உங்கள் கையில் 320 கிராம். சமையலறைத் தராசில் வைத்து உண்மை எடையைப் பாருங்கள்.

அடுத்தது பேலன்ஸ். ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி அதன்மேல் ராக்கெட்டைக் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்க வேண்டும். வழக்கமான 27 அங்குல ராக்கெட்டின் நடுப்பகுதி 34.3 சென்டிமீட்டரில் வரும். அதற்குக் கீழே நின்றால் எடை கைப்பக்கம், மேலே நின்றால் தலைப்பக்கம்.

கடைசியாக ஸ்ட்ரிங் மாற்றிய தேதி. அது நினைவில்லை என்றால் மேற்கொண்டு படிக்கும் முன் ஸ்ட்ரிங்கை மாற்றிவிட்டு வாருங்கள். மற்ற சோதனைகள் அதற்குப் பிறகுதான் உண்மை பேசும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்வேன்: ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியபின் இரண்டு மூன்று நாளாவது ஆடிப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிங், டென்ஷன், கிரிப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் குணமானாலும் எதனால் குணமானது என்று தெரியாது.

## பந்து கோட்டைத் தாண்டிப் போகிறது

எவ்வளவு தாண்டுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். பேஸ்லைனுக்கு ஓரடி வெளியே விழுவதும், நேராகப் பின்வேலியில் போய் முட்டுவதும் வேறு வேறு நோய்கள். வேலியில் முட்டினால் ராக்கெட்டின் முகம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அதற்குக் கோச்சிடம்தான் போக வேண்டும். ஓரடி, இரண்டடி தாண்டினால் கீழே படியுங்கள்.

### முன்பு சரியாக இருந்தது, இப்போதுதான் தாண்டுகிறது

ஸ்ட்ரிங் தளர்ந்துவிட்டது. பாலியெஸ்டர் (விறைப்பான ஒற்றை இழை ஸ்ட்ரிங்) என்றால் கிட்டத்தட்ட சந்தேகமே வேண்டாம். நடுவில் உள்ள ஒரு செங்குத்து ஸ்ட்ரிங்கை விரலால் பக்கவாட்டில் தள்ளி விடுங்கள். டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பினால் உயிர் இருக்கிறது. தள்ளிய இடத்திலேயே நின்றுவிட்டால், அல்லது குறுக்கு ஸ்ட்ரிங் உரசும் இடங்களில் ஆழமான வெட்டு விழுந்திருந்தால், அதன் காலம் முடிந்தது.

வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, வருடத்துக்கு அத்தனை முறையாவது ஸ்ட்ரிங் மாற்ற வேண்டும் என்பது பழைய கணக்கு. மல்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகள் சேர்ந்தது), சிந்தெடிக் கட் (நைலான்) போன்ற மென்மையான ஸ்ட்ரிங்குகளுக்கு அது போதும். பாலியெஸ்டருக்குப் போதாது. 15, 20 மணி நேர ஆட்டத்திலேயே அது தன் குணத்தை இழந்துவிடும். அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று காத்திருப்பது அந்த ஸ்ட்ரிங்குக்குப் பொருந்தாத பழக்கம்.

### வாங்கிய நாளிலிருந்தே தாண்டுகிறது

அடுத்த முறை கட்டும்போது டென்ஷனை 2 பவுண்ட் ஏற்றச் சொல்லுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு 2. ஃபிரேமில் போட்டிருக்கும் வரம்பைத் தாண்ட வேண்டாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஸ்ட்ரிங் வகையை மாற்றலாம்: செங்குத்தில் பாலியெஸ்டர், குறுக்கில் சிந்தெடிக் கட் என்ற கலப்பு பலருக்கு நன்றாகப் பிடிபடுகிறது. முழங்கை ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள், கீழே வலி பற்றிய பகுதிக்குப் போங்கள்.

இதற்கும் அடங்காமல், உங்கள் ராக்கெட்டின் தலை 105 சதுர அங்குலத்துக்கு மேலும், ஃபிரேமின் கனம் 25, 26 மில்லிமீட்டரும் இருந்து, நீங்களும் வேகமாக முழு வீச்சில் அடிப்பவராக இருந்தால், இந்த ஃபிரேம் உங்களுக்கானது அல்ல. அது பாதி வீச்சில் அடிப்பவருக்கு வேகம் கொடுக்கச் செய்தது. 98 முதல் 100 வரையிலான தலை, 21 முதல் 23 மில்லிமீட்டர் கனம் என்று தேடுங்கள்.

## பந்து பாதியிலேயே விழுகிறது, ஆழம் போகவில்லை

முதலில் பந்தைச் சந்தேகியுங்கள், காசு செலவில்லை. புதுப் பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதி. வீட்டுக் கணக்கில், தலை உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விட்டால் பாதி உயரத்துக்குச் சற்று மேலே வர வேண்டும். வரவில்லை என்றால் ராக்கெட் மேல் பழி போடாதீர்கள்.

பந்து நன்றாக இருந்தால் டென்ஷன். டிவியில் பார்க்கும் வீரர்களின் எண்ணைக் கேட்டு 58, 60 என்று கட்டச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாலியெஸ்டரை அந்த டென்ஷனில் கட்டினால் மிதமான வீச்சுக்காரர் கையில் அது பலகை. முதலில் 3 பவுண்ட் இறக்குங்கள். பிறகு ஸ்ட்ரிங் வகையைப் பாருங்கள். நீங்கள் பாலியெஸ்டரை அறுக்காமலே மாதக்கணக்கில் ஆட முடிகிறது என்றால் உங்களுக்குப் பாலியெஸ்டர் தேவையே இல்லை. மல்டிஃபிலமென்டுக்கு மாறினால் அதே வீச்சில் பந்து இரண்டு மூன்றடி கூடுதலாகப் போவதை அன்றைக்கே பார்ப்பீர்கள்.

ஃபிரேம் காரணமாக இருக்கும் இடம்: தலை 95, 97 என்று சிறியதாக, ஃபிரேம் மெல்லியதாக, நீங்கள் குறுகிய வீச்சுக்காரராக இருப்பது. 100 முதல் 105 வரையிலான தலைக்கு நகருங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. ஃபெடரரே 90 சதுர அங்குலத்தை விட்டு 2014-இல் 97-க்கு வந்தார். நீங்கள் 97-இலிருந்து 102-க்குப் போவதில் யாரும் எதையும் இழந்துவிடப் போவதில்லை.

## முழங்கை வலிக்கிறது

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். மற்ற தவறுகளில் பாயின்ட் போகும், இதில் கை போகும்.

முதல் வேலை, ஆட்டத்தை நிறுத்துவது. வலியோடு ஆடிக்கொண்டே எந்த ஸ்ட்ரிங் நல்லது என்று சோதிக்க முடியாது.

### உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை

காபி டம்ளரைத் தூக்கினாலே வலிக்கிறது, கதவுக் குமிழைத் திருப்ப முடியவில்லை, இரவில் வலியால் தூக்கம் கலைகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, பிடி தளர்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ராக்கெட்டைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். ஆடாமல் இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் குறையாத வலிக்கும் இதுவே பதில்.

### ஆடினால் மட்டும் லேசாக வலிக்கிறது, ஓய்வெடுத்தால் போய்விடுகிறது

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பந்து: நனைந்த பந்து, செத்த பந்து, உள்ளே காற்றழுத்தம் இல்லாத பயிற்சிப் பந்து மூன்றும் கைக்குப் பாரம். தூக்கிப் போடுங்கள்.

ஸ்ட்ரிங்: என்னிடம் முழங்கை வலியோடு வந்த ராக்கெட்டுகளில் நான் அதிகம் கண்டது பல மாதப் பழைய பாலியெஸ்டர். அதை வெட்டி எடுத்துவிட்டு மல்டிஃபிலமென்ட் கட்டுங்கள். டென்ஷன் ஃபிரேம் வரம்பின் கீழ்ப்பாதியில் இருக்கட்டும். கைக்கு எல்லாவற்றையும்விட மெத்தென்று இருப்பது இயற்கை கட் (மாட்டுக் குடலில் செய்யும் ஸ்ட்ரிங்), ஆனால் விலை அதிகம், ஈரம் ஆகாது. வளரும் பிள்ளைகளின் ராக்கெட்டில் முழுக்கப் பாலியெஸ்டர் கட்டக் கேட்டால் நான் கட்டுவதில்லை. பெற்றோர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கிரிப்: ஃபோர்ஹேண்டுக்குப் பிடிப்பதுபோல் பிடியுங்கள். விரல் நுனிகளுக்கும் உள்ளங்கையின் அடி மேட்டுக்கும் நடுவே மறு கையின் ஆள்காட்டி விரல் இறுக்கமில்லாமல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் கிரிப் சிறியது. அதை நழுவாமல் பிடிக்க முன்கைத் தசைகள் ஆட்டம் முழுக்க இறுகியே இருக்கும். ஒரு ஓவர்கிரிப் சுமார் அரை அளவு கூட்டும். முழு அளவு வேண்டும் என்றால் சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறையை ஸ்ட்ரிங் கட்டுபவர் போட்டுத் தருவார். பெரிய கிரிப்பைச் சின்னதாக்குவது மிகவும் கஷ்டம். ஆகவே இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறினால் சின்னதை வாங்குங்கள்.

டாம்பனர்: ஸ்ட்ரிங்குக்கு நடுவே செருகும் அந்த ரப்பர் துண்டு சத்தத்தைத்தான் மாற்றும். முழங்கைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

ஃபிரேம்: இங்கேதான் பலர் தலைகீழாக முடிவெடுக்கிறார்கள். கை வலிக்கிறதே என்று 260 கிராம் ராக்கெட் வாங்குவார்கள். எடை குறைந்தால் பந்து மோதும் அதிர்ச்சியை ராக்கெட் தாங்காது, கை தாங்கும். லேசான ராக்கெட்டுகளில் பல மிகவும் விறைப்பானவையும்கூட. விறைப்பை ஆர்.ஏ. என்ற எண்ணால் சொல்வார்கள். 70-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் விறைப்பு, 63-க்குக் கீழே என்றால் கைக்கு இதம். உங்களால் நேரத்துக்கு வீச முடிகிற அளவுக்கு எடையுள்ள, எடை கைப்பக்கம் சாய்ந்த, ஆர்.ஏ. குறைந்த ராக்கெட்தான் வலி கண்ட கைக்கு நல்லது.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒற்றைக் கைப் பேக்ஹேண்டில் மட்டும் வலிக்கிறது என்றால், நீங்கள் பந்தைத் தாமதமாக, மணிக்கட்டை மடக்கிச் சந்திக்கிறீர்கள். கோச்சிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். எந்த ராக்கெட்டாலும் இதை மறைக்க முடியாது.

## அடிக்கும்போது ராக்கெட் கையில் திரும்புகிறது

ஓவர்கிரிப் எப்போது மாற்றினீர்கள்? வியர்வை ஊறி, பளபளத்து, ஓரம் பிரிந்த கிரிப்பை வைத்துக்கொண்டு ஃபிரேமைக் குறை சொல்வது நியாயமில்லை. இதுதான் எல்லாவற்றிலும் மலிவான மருந்து. அதற்குப் பிறகு, மேலே முழங்கைப் பகுதியில் கிரிப் அளவுக்குச் சொன்ன விரல் சோதனை.

இரண்டும் சரி என்றால், பந்து ஸ்ட்ரிங்கில் எங்கே படுகிறது என்று பாருங்கள். புதுப் பந்தில் ஆடினால் அதன் மஞ்சள் பஞ்சு ஸ்ட்ரிங்கில் ஒட்டும். ஒட்டிய இடம் நடுவை விட்டு ஒருபக்கமாகவே இருந்தால் பார்வையும் கால்களும்தான் பயிற்சி கேட்கின்றன. நடுவைச் சுற்றிப் பரவலாக இருந்தும் வேகமான பந்துக்கு ராக்கெட் திரும்பினால் எடை போதவில்லை. தலையின் இரு பக்கமும், கடிகாரத்தில் 3 மணி, 9 மணி இருக்கும் இடங்களில், உள்விளிம்பில் பக்கத்துக்கு 2 கிராம் ஈய டேப் ஒட்டிப் பாருங்கள். நான்கே கிராமுக்கு இவ்வளவு வித்தியாசமா என்று இருக்கும். பிடிக்கவில்லை என்றால் உரித்து எடுத்துவிடலாம். 12 மணி இடத்தில் மட்டும் யோசித்து ஒட்டுங்கள், அங்கே ஒட்டும் ஒவ்வொரு கிராமும் வீசும் பாரத்தை (வீசும்போது கையில் தெரியும் கனத்தை) பக்கத்தில் ஒட்டுவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கூட்டும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.

டேப் ஒட்டியதும் நிலைத்தது என்றால், அடுத்து வாங்க வேண்டிய ராக்கெட்டின் எடையும் தெரிந்துவிட்டது: இப்போதையதைவிட 10 முதல் 15 கிராம் கூடுதல்.

## முதல் செட்டில் நன்றாக இருக்கிறது, இரண்டாவதில் எல்லாம் தாமதமாகிறது

வலது கைக்காரர் என்றால் இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. தொடக்கத்தில் நேராகப் போன ஃபோர்ஹேண்ட், போகப் போக வலப்பக்கக் கோட்டுக்கு வெளியே விழும். இடது கைக்காரருக்கு மறுபக்கம். ராக்கெட் உங்களைவிடப் பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

பழைய ஈய டேப், தேவையில்லாத இரண்டாவது ஓவர்கிரிப் என்று சேர்ந்தவற்றை எல்லாம் கழற்றிவிட்டு எடை பாருங்கள். பிறகு பேலன்ஸ். ஒரே எடையுள்ள இரண்டு ராக்கெட்டில் தலைப்பக்கம் எடை உள்ளது வீசும்போது கனமாகத் தெரியும். தராசு இதைக் காட்டாது. கடையில் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்து "லேசா இருக்கு" என்று வாங்கியவர்கள் ஏமாறும் இடம் இது. கைப்பிடிக்குள் எடை சேர்த்தால் பேலன்ஸ் கைப்பக்கம் நகரும், ஆனால் வீசும் பாரம் குறையாது. அந்த வேலையைச் செய்துவிட்டுக் களைப்பு போகவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். இங்கே ஃபிரேம் மாற்றம் நியாயமான முடிவு: 10, 15 கிராம் குறைவாக, அல்லது அதே எடையில் பேலன்ஸ் ஒரு சென்டிமீட்டர் கைப்பக்கமாக.

## டாப்ஸ்பின் ஏறவில்லை

நெட்டுக்கு மேலே ஓரடி உயரத்தில் தட்டையாக அடிப்பவருக்கு எந்த ராக்கெட்டும் ஸ்பின் தராது. கீழிருந்து மேலே வீசியும் ஏறவில்லை என்றால், ஸ்ட்ரிங் நகர்ந்து திரும்புகிறதா என்று மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்யுங்கள். வெட்டு விழுந்த பழைய மல்டிஃபிலமென்டில் ஸ்ட்ரிங்குகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நகராமல் நிற்கும். புதிதாகக் கட்டினாலே பாதி தீர்ந்துவிடும். ஃபிரேம் 18×20 என்றால் 16×19-க்கு மாறலாம். ஆனால் 16×19-இல் ஸ்ட்ரிங் சீக்கிரம் அறுபடும், பந்து சற்று உயரமாகவும் கிளம்பும்.

## ஸ்ட்ரிங் அடிக்கடி அறுகிறது

அறுந்த இடத்தைப் பாருங்கள். தலையின் நடுவில் அறுந்தால் அது ஸ்பின்னால் வந்த தேய்மானம். 1.25 மில்லிமீட்டரிலிருந்து 1.30-க்குப் போங்கள், அல்லது கலப்பு கட்டுங்கள். மேல் விளிம்பை ஒட்டி அறுந்தால் பந்து நடுவில் படவில்லை. எப்போதும் ஒரே துளையில் அறுந்தால் அங்கே உள்ள பிளாஸ்டிக் குரோமெட் (ஸ்ட்ரிங் நுழையும் துளையின் உறை) உடைந்து ஃபிரேமின் விளிம்பு ஸ்ட்ரிங்கை அறுக்கிறது. இதை வீட்டில் ஒட்டுப்போடாதீர்கள், குரோமெட் பட்டையை ஸ்ட்ரிங் கட்டுபவர் மாற்றித் தருவார்.

ஒரு ஸ்ட்ரிங் அறுந்ததும் மற்றவற்றையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டி விட்டுவிடுங்கள். பாதி இழுப்பும் பாதி தளர்வுமாகப் பையில் கிடந்தால் ஃபிரேம் கோணும்.

## பந்து படும்போது கிறுகிறுவென்று சத்தம்

டாம்பனர் தளர்ந்திருக்கலாம், கைப்பிடி அடியின் மூடி ஆடலாம், ஸ்ட்ரிங்கின் வெட்டிய முனை ஃபிரேமைத் தொடலாம். மூன்றையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரிங்கில் தட்டிப் பாருங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். எதிலும் நிற்கவில்லை என்றால் தலையின் மேல்வளைவையும் கழுத்தையும் நல்ல வெளிச்சத்தில் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் கோடு பெயின்ட் கீறலாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஸ்ட்ரிங் கட்டுபவரிடம் கொடுங்கள். விரிசல் என்றால் அந்த ராக்கெட்டில் இனி ஸ்ட்ரிங் ஏற்றக் கூடாது, மெஷினிலேயே உடையும்.

## நண்பருடையது நன்றாக இருந்தது, அதே மாடல் வாங்கினேன், பிடிக்கவில்லை

ஸ்ட்ரிங்கும் டென்ஷனும் கிரிப்பும் அதேதானா என்று கேளுங்கள். அதேதான் என்றால் இரண்டையும் தராசில் வையுங்கள். ஒரே மாடலில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 5 முதல் 10 கிராம் வரை வித்தியாசம் இருக்கலாம், பேலன்ஸும் மாறலாம். லேசாக இருப்பதில் எடை சேர்த்து இரண்டையும் ஒன்றாக்கலாம். கனமானதைக் குறைக்க முடியாது. வீசும் பாரத்தை அளக்கும் கருவி உள்ளவரிடம் இரண்டு ராக்கெட்டையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள்.

## எல்லாம் பார்த்தாயிற்று, ஃபிரேம்தான் தவறு

அப்படியானால் உங்கள் பாயின்ட் எங்கே முடிகிறது என்பதை வைத்துத் தேடுங்கள்.

பேஸ்லைனில் நின்று ஸ்பின்னோடு சுழற்றி அடிப்பவர்: 100 சதுர அங்குலம், 16×19, ஸ்ட்ரிங் இல்லாமல் 300 கிராம் சுற்றி. தட்டையாக, முழு வீச்சில், பந்தைக் குறிபார்த்து வைப்பவர்: 97, 98 தலை, 305 முதல் 315 கிராம், கொஞ்சம் மெல்லிய ஃபிரேம். 18×20-ஐயும் ஆடிப் பாருங்கள். இரட்டையரில் நெட்டருகே நிற்பவருக்கு நொடியில் ராக்கெட்டைத் திருப்ப வேண்டும், எதிரே வரும் அடியும் தள்ளக் கூடாது. ஆகவே மொத்த எடை குறையாமல், பேலன்ஸ் நன்றாகக் கைப்பக்கம் இருக்கட்டும். குறுகிய வீச்சுக்காரர், ஆரம்ப நிலையில் இருப்பவர்: 102 முதல் 107, 270 முதல் 285 கிராம்.

ஆடிப் பார்க்க ஒரே நேரத்தில் இரண்டு ராக்கெட்டுக்கு மேல் இரவல் வாங்காதீர்கள். இரண்டிலும் ஒரே ஸ்ட்ரிங், ஒரே டென்ஷன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஸ்ட்ரிங்கைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள். புது ராக்கெட்டில் முதல் அரை மணி நேரம் யாருக்கும் பிரமாதமாக இருக்கும், அதை நம்ப வேண்டாம். நன்றாகக் களைத்த பிறகு, ஆட்டத்தின் கடைசியில், ஒவ்வொன்றிலும் பத்து இரண்டாவது சர்வ் போட்டு எத்தனை உள்ளே விழுந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இதையே வேறு இரண்டு நாளிலும் செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.